உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளும் குழாய்: குறட்டையும் சலரோகமும்

யாழ்ப்பாணத்தில் நீர்வேலியிலோ உரும்பிராயிலோ தோட்டத்துக்கு நீர் இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கிணற்றுக்குள் இறங்கும் குழாய் விறைப்பானது. பம்பிலிருந்து வாழைக்கு நீர் கொண்டுபோகும் குழாயோ மெல்லியது. நீர் வரும்வரை செம்மண்ணில் தட்டையாகக் கிடக்கும். இரண்டையும் மாற்றிப் பூட்டினால் நீர் மேலே வராது. உறிஞ்சத் தொடங்கியதுமே மெல்லிய குழாயின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

நம் தொண்டையின் பின்பகுதி அந்த மெல்லிய குழாயைப் போன்றது. விழித்திருக்கும்போது நாக்கின் தசையும் சுற்றியுள்ள தசைகளும் அதைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. கழுத்திலும் நாக்கிலும் கொழுப்புச் சேர்ந்தவர்களுக்கும் தாடை சிறுத்தவர்களுக்கும் வழி ஏற்கெனவே ஒடுக்கம். காற்று இழுபடும்போது சுவர்கள் அதிர்வதுதான் குறட்டை. முற்றாக ஒட்டிக்கொண்டால் குறட்டையும் நின்றுவிடும்.

என் பெரியப்பா சாய்மனைக் கதிரையில் மதியம் உறங்கும்போது பக்கத்தில் இருந்து எண்ணிப் பார்த்தேன். சீரான குறட்டை, திடீரென்று அமைதி. வயிறு மட்டும் எழுந்து தாழ்ந்தது. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. பிறகு தொண்டை வெடித்துத் திறந்ததுபோல் ஒரு மூச்சு, கால் ஒருமுறை உதறியது, மறுபடி குறட்டை. அவர் விழிக்கவே இல்லை. "நல்ல நித்திரை" என்றார் பெரியம்மா.

அது நல்ல நித்திரை அல்ல. மூச்சு 10 நொடிக்கு மேல் நிற்பதும் வெகுவாகக் குறைவதும் மணிக்கு 5 தடவைக்கு மேல் நிகழ்ந்தால் அது உறக்க மூச்சுத்தடை. 15ஐத் தாண்டினால் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. 30 என்றால் இரவு முழுவதும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை.

ஒவ்வொரு தடையிலும் குருதியில் ஒட்சிசன் இறங்குகிறது. மூளை பதறி, உறங்குபவரை அவர் அறியாமலே அரைகுறையாக எழுப்புகிறது. அட்ரினலின், கோர்ட்டிசோல் என்ற பதற்ற ஹோர்மோன்கள் சுரக்கின்றன. ஆபத்து வந்துவிட்டது, ஓட வேண்டும் என்று எண்ணிய உடல் ஈரலிலிருந்து குளுக்கோசை எடுத்துவிடுகிறது. இன்சுலினின் பேச்சைத் தசைகள் முன்போல் கேட்பதில்லை. இரவில் அளவாகச் சாப்பிட்டு, மருந்தும் தவறாமல் எடுத்த சலரோக (நீரிழிவு) நோயாளியின் காலைச் சீனி இறங்காமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதைச் சலரோகத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். ஆனால் அடைபட்ட தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது இதய அறை விரிகிறது; நீரை வெளியேற்றச் சொல்லும் ஹோர்மோன் ஒன்றை அது சுரக்கிறது.

அமெரிக்காவில், உடற்பருமனும் இரண்டாம் வகைச் சலரோகமும் சேர்ந்திருந்தவர்களைச் சோதித்த ஓர் ஆய்வில் 100 பேரில் 80க்கும் மேற்பட்டோருக்கு மூச்சுத்தடை இருந்தது. நம்மவர்கள் அவ்வளவு பருமனில்லை என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். தெற்காசியருக்குக் குறைந்த எடையிலேயே சலரோகம் வருகிறது. ஆசிய முக அமைப்பில் மூச்சுத்தடையும் அப்படியே. கிளினிக்கில் கண்ணையும் காலையும் பார்க்கிறார்கள், மிகச் சரி. குறட்டையையும் கேட்க வேண்டும். நோயாளிக்கு அது தெரியாது. பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி. அவரும் கூடப் போகட்டும், அல்லது கைபேசியில் பதிவுசெய்து கொடுக்கட்டும். கெட்ட நித்திரை ஓட்டும்போதே கண்ணயரச் செய்யும்; ஏ-9 நெடுஞ்சாலையில் இரவில் வாகனம் ஓட்டுபவர் என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

மருத்துவம் அந்தத் தோட்டக் குழாயிலேயே இருக்கிறது. பம்பு நீரைத் தள்ளும்போது தட்டைக் குழாய் உருண்டு விரிகிறதல்லவா? 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் அறிவித்த கருவி இதைத்தான் செய்கிறது: முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கிறது. எடை குறைப்பதும் உண்மையாகவே உதவும். சிலருக்கு மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுத்தாலே பாதித் தொல்லை போகும். இரவில் கள்ளும் சாராயமும் கூடாது. வைத்தியரிடம் கேட்காமல் நித்திரைக் குளிசையும் கூடாது. அவை தசைகளை இன்னும் தளர்த்திவிடும். கருவியின் ஈரப்பதக் கிண்ணத்துக்கு நம் கிணற்று நீரை ஊற்றாதீர்கள். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு அங்கேயும் படியும். காய்ச்சி வடித்த நீரே (டிஸ்டில்ட் வோட்டர்) வேண்டும்.

கருவி வந்ததும் சீனி தானாக இறங்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. குளிசையையோ இன்சுலினையோ உங்கள் எண்ணப்படி குறைக்கவும் கூடாது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். கனவு காணும் உறக்கத்தில் தசைகள் மிக அதிகமாகத் தளர்கின்றன, அந்த உறக்கம் பெரும்பாலும் விடியப்புறத்திலேயே கூடுகிறது. சீனிக்கட்டுப்பாட்டோடு நெருங்கிய தொடர்புள்ளதாகக் காணப்படுவதும் அந்த வேளைத் தடைகள்தான். முகமூடியை நான்கு மணிநேரம் போட்டுவிட்டுக் கழற்றினால், மிக வேண்டிய நேரத்தில் தொண்டை காவலின்றிக் கிடக்கும்.

பெரியப்பா இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுவார். திரும்பி வந்து முகமூடி இல்லாமலே படுத்துவிடுவார். இப்போது பெரியம்மாவும் கூட எழுகிறார். நுளம்பு வலையைத் தூக்கி, பட்டியை அவர் காதுக்குப் பின்னால் இழுத்துப் பூட்டி, காற்று கசிகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுக்கிறார்.