பந்து எவ்வளவு ஆழம் மூழ்கும்?

“மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறேன், எனக்கு எதற்கு கோடிங்?” முதலாண்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு பந்தை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

10 செ.மீ. ஆரமுள்ள மரப்பந்து. அடர்த்தி, தண்ணீரைப் போல 0.6 மடங்கு. தண்ணீரில் விட்டால் எவ்வளவு ஆழம் மூழ்கும்? பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம் போதும். பந்தின் எடையும் அது வெளியேற்றும் நீரின் எடையும் சமம். நீருக்குள் இருக்கும் கோளத்துண்டின் கன அளவைப் போட்டுச் சுருக்கினால், ஆழம் ‘ஆ’ செ.மீ. என்றால், ஆ² × (30 − ஆ) = 2400.

இது முப்படிச் சமன்பாடு. தீர்க்கச் சூத்திரம் உண்டு, ஆனால் சிக்கலானது. ஐந்தாம் படிக்கு அப்படியொரு பொதுச் சூத்திரமே இருக்க முடியாது என்று 1824-இல் நார்வே கணிதர் ஆபெல் நிரூபித்துவிட்டார். சரி, சூத்திரம் இல்லாவிட்டால் என்ன செய்வது?

ஊகிக்க வேண்டியதுதான், ஆனால் ஒழுங்காக. ஆழம் 10 என்றால் இடப்பக்கம் 2000 வருகிறது, போதவில்லை. 20 என்றால் 4000, அதிகம். ஆக விடை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. நடுப்புள்ளி 15-ஐப் போட்டுப் பாருங்கள்: 3375, அதிகம். உடனே 15-க்கு மேலே உள்ள பாதி முழுவதையும் தூக்கி எறிந்துவிடலாம். அடுத்து 12.5: 2734, இன்னும் அதிகம். 11.25: 2373, குறைவு. இப்போது விடை 11.25-க்கும் 12.5-க்கும் இடையே சிக்கிக்கொண்டது. இதுதான் பைசெக்‌ஷன் முறை. ஒவ்வொரு அடியிலும் சந்தேகம் சரிபாதியாகிறது. பத்தே அடியில் 10 செ.மீ. இடைவெளி 0.1 மில்லிமீட்டராகச் சுருங்கும், இருபது அடியில் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. விடை சுமார் 11.34 செ.மீ. இவ்வளவு எளிய யோசனைக்கு இவ்வளவு வேகமா என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

கணினிக்கு இதைச் சொல்ல ஒரு சுற்று (அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை), ஒரு ‘இஃப்’ (‘இப்படியானால் இதைச் செய்’ என்ற நிபந்தனை), அவ்வளவே. எப்போது நிறுத்துவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். ‘சரியாக 2400 வரும்வரை’ என்று எழுதினால் சுற்று முடியாமலே போகலாம், ஏனென்றால் கணினி தசம எண்களில் பெரும்பாலானவற்றைத் தோராயமாகத்தான் சேமிக்கிறது. இடைவெளி 0.01 செ.மீ.க்குக் கீழே போனால் நிறுத்து என்பதே முறை. எவ்வளவு பிழையைத் தாங்கலாம் என்று முடிவு செய்வது பொறியாளரின் வேலை. முதல் பருவத்தில் கணினி மொழியின் இலக்கண விதிகளை மனப்பாடம் செய்ய வைக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

இப்போது அடர்த்தியை 1.2 ஆக்கி அதே புரோகிராமை ஓட்டுங்கள்; 2400-க்குப் பதில் 4800 வர வேண்டும். எந்த ஊகத்தைப் போட்டாலும் ‘குறைவு’ என்றே வரும். இடைவெளி வலப்பக்கமாகவே நகர்ந்து, கடைசியில் 20 செ.மீ. என்று விடை வரும், பிழைச் செய்தி எதுவும் இருக்காது. பந்தோ அடியில் கிடக்கும். தொடங்கும் முன்பே ஒரு முனையில் குறைவாகவும் மறுமுனையில் அதிகமாகவும் வருகிறதா என்று சோதிக்க ஒரு வரி சேர்த்தால், அந்தப் புரோகிராம் ‘இது மிதக்காது’ என்று சொல்லிவிடும்.