‘அழித்தாயிற்று’ என்று எஸ்எஸ்டியிடம் யார் சொல்வது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “சார், முகூர்த்த நாள் வந்தால் திருவந்திபுரத்தில் ஒரே காலையில் மூன்று கல்யாணம் எடுக்கிறோம். எல்லாவற்றையும் ஒரு 1 டிபி எஸ்எஸ்டியில் கொட்டித்தான் எடிட்டிங். ஆல்பம் கொடுத்து முடிந்ததும் பழையதை அழித்துவிடுவோம். வாங்கின புதிதில் பறந்தது. இப்போது பாதிக்கு மேல் காலியாக இருந்தும், காப்பி போட்டால் கொஞ்ச நேரம் ஓடுகிறது, அப்புறம் நின்று நின்று போகிறது. கடையில் கேட்டால் ஆயுசு முடிந்தது, புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். நிஜமா?”

நிஜமில்லை. எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்கைப் போலச் சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ். அது தன் உடல்நிலையைப் பற்றித் தானே தரும் அறிக்கையை எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆயுளில் பெரும்பகுதி அப்படியே மிச்சம் இருந்தது. கோளாறு அவர் சொன்ன ‘பாதிக்கு மேல் காலி’ என்ற வார்த்தையில் இருக்கிறது. அப்படிச் சொல்வது விண்டோஸ். எஸ்எஸ்டியின் கணக்குப்படி அது கழுத்து வரை நிரம்பியிருக்கிறது.

ஒரு ஃபைலை அழித்தால் கம்ப்யூட்டர் தன் பதிவேட்டில் ‘இந்த இடம் காலி’ என்று எழுதிக்கொள்கிறதே தவிர, டிஸ்க்கில் இருக்கும் தரவைத் தொடுவதில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு இது போதும். புதிய ஃபைல் வரும்போது பழையதன் மேலேயே எழுதிவிடும். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. எஸ்எஸ்டியில் மேலே எழுத முடியாது என்பதுதான் விஷயமே. ஏன் முடியாது என்பதை நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அதைப் போல அழகான பொறியியல் எனக்குத் தெரிந்து குறைவு.

எஸ்எஸ்டிக்குள் இருப்பது பிளாஷ் நினைவகம். அதன் ஒவ்வொரு செல்லும் ஒரு டிரான்சிஸ்டர். அதற்குள் நான்கு பக்கமும் மின்கடத்தாப் பொருளால் அடைக்கப்பட்ட ஒரு சின்ன அறை. அந்த அறையில் எலக்ட்ரான்கள் அடைபட்டிருந்தால் ஒரு மதிப்பு, இல்லாவிட்டால் வேறு மதிப்பு. அறைக்குக் கதவே கிடையாது. கரண்ட் போனாலும் படங்கள் அழியாமல் இருப்பது அதனால்தான். சரி, கதவில்லாத அறைக்குள் எலக்ட்ரான் எப்படிப் போகிறது? சுவர் வழியாகவே போகிறது. அந்தச் சிலிக்கான் டைஆக்ஸைடு சுவரின் தடிமன் சுமார் 8 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் பக்கம் 20 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், சுவருக்குள் சென்டிமீட்டருக்கு 1 கோடி வோல்ட் என்ற அளவில் மின்புலம் உண்டாகிறது. அப்போது எலக்ட்ரான் தன் அலைக் குணத்தால் சுவரை உடைக்காமலே மறுபக்கம் போய் நிற்கிறது. குவாண்டம் டனலிங் என்று கல்லூரிப் பாடத்தில் வருவது இதுதான். ஒவ்வொரு கல்யாண வீடியோவும் இப்படிக் கோடிக்கணக்கான சுவர்களைக் கடந்துதான் பதிவாகிறது. இன்றைய பல அடுக்குச் சிப்புகளில் அந்த அறைக்குப் பதிலாகப் பெரும்பாலும் சிலிக்கான் நைட்ரைடு படலம் இருக்கிறது. அடிப்படை மாறவில்லை.

எழுதும்போது ஒரு வரிசைச் செல்களுக்கு மட்டும் அந்த உயர் அழுத்தத்தைக் கொடுக்கலாம். அந்த வரிசையில் எழுதப்படுவது ஒரு ‘பேஜ்’, பொதுவாக 16 கேபி. அழிக்கும்போது எலக்ட்ரான்களை எதிர்த்திசையில் வெளியே இழுக்க வேண்டும். அதற்கான அழுத்தம் செல்களுக்கு அடியில் இருக்கும் சிலிக்கானுக்குக் கொடுக்கப்படுகிறது. அந்த அடித்தளம் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பேஜ்களுக்குப் பொது. அந்தக் கூட்டத்துக்குப் பெயர் ‘பிளாக்’. ஆக, எழுதுவது பேஜ் பேஜாக, அழிப்பது பிளாக் பிளாக்காக. வாசல் கோலத்துக்குப் புள்ளியை ஒவ்வொன்றாக வைக்கிறோம், மறுநாள் வாளித் தண்ணீரை ஊற்றினால் எல்லாப் புள்ளியும் சேர்ந்துதானே போகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபூஜியோ மசுவோகா. 1984-ல் பிளாஷ் நினைவகத்தையும், 1987-ல் இன்று எஸ்எஸ்டிகளில் இருக்கும் நாண்ட் வகையையும் உலகுக்குக் காட்டினார். மொத்தமாக ஒரே வீச்சில் அழிவது கேமரா பிளாஷை நினைவுபடுத்தியதால் அவருடைய சக ஊழியர் ஷோஜி அரிஇசுமி இந்தப் பெயரைச் சொன்னார் என்பார்கள். ஸ்டுடியோக்காரர் கையிலிருக்கும் பிளாஷும் அவருடைய டிரைவில் இருக்கும் பிளாஷும் பெயரளவில் சொந்தக்காரர்கள்.

இப்போது அவருடைய பிரச்சினைக்கு வருவோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரை மீறியபோது, ஆற்றங்கரையில் உள்ள என் சித்தப்பா வீட்டில் சாமான்களை மாடிக்கு ஏற்றினோம். கும்மிருட்டு, கரண்ட் இல்லை. எது வேண்டும் எது வேண்டாம் என்று பார்க்க நேரமில்லாமல் கைக்குக் கிடைத்த மூட்டையை எல்லாம் தூக்கினோம். விடிந்து பார்த்தால் அதில் பாதி, சித்தி எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த பழைய பேப்பர்.

எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப் இந்த வேலையை நாள் முழுக்கச் செய்கிறது. ஒரு பிளாக்கை அழித்து இடம் பண்ண வேண்டுமானால், அதில் உயிரோடு இருக்கும் பேஜ்களை முதலில் வேறு பிளாக்குக்குத் தூக்க வேண்டும். எது உயிரோடு இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை என்றால்? நீங்கள் போன வருடம் அழித்த வளைகாப்பு வீடியோவையும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு அலையும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 பேஜ் உள்ள பிளாக்கில் 900 உயிரோடு இருப்பதாகக் கன்ட்ரோலர் நினைக்கிறது. கிடைக்கப்போகும் இடம் 100 பேஜ். அதற்காக 900-ஐ நகல் எடுக்கிறது. நீங்கள் 100 எழுத, டிரைவ் 1000 எழுதுகிறது, பத்து மடங்கு. அந்த 900-ல் 600 நீங்கள் அழித்த ஃபைல்கள் என்று தெரிந்திருந்தால் 300-ஐ மட்டும் நகர்த்தி 700 இடம் எடுத்திருக்கும். ஒன்றரை மடங்குகூட ஆகாது. டிரைவ் வேகமாகத் தேய்வதும் இதனால்தான், ஏனென்றால் எலக்ட்ரான் கடக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய சுவர் கொஞ்சம் சேதமாகிறது. காப்பியில் முதலில் வேகமும் பிறகு தடுமாற்றமும் வருவதற்கும் இதில் பங்கு உண்டு. வருவதை வேகமாக வாங்கிப் போடும் தற்காலிக இடத்தைப் பல டிரைவ்கள் தம் காலி பிளாக்குகளிலிருந்துதான் எடுக்கின்றன. காலி குறைந்தால் அந்த இடமும் சுருங்கும்.

‘அந்த மூட்டை வேண்டாம்’ என்று கன்ட்ரோலரிடம் சொல்லும் கட்டளைக்குப் பெயர் ட்ரிம். விண்டோஸ் 7 காலத்திலிருந்து, அதாவது 2009 முதல், விண்டோஸ் இதை அனுப்புகிறது. அனுப்பினால் போதுமா? போய்ச் சேர வேண்டும். நடுவில் தூது போவது ஸ்டோரேஜ் ட்ரைவர் என்ற மென்பொருள். பொதுவாகக் கேபிளில் மாட்டும் சாட்டா டிரைவுக்கு ஒரு மொழி, மதர்போர்டிலேயே நேராகச் செருகும் என்விஎம்இ டிரைவுக்கு வேறு மொழி, யுஎஸ்பி வழியாகப் போனால் இன்னொரு மொழி. மூன்றிலும் இந்தச் செய்திக்கு வெவ்வேறு பெயர். ட்ரைவரோ நடுவில் இருக்கும் சிப்போ மொழிபெயர்க்கத் தெரியாமல் நின்றுவிட்டால் செய்தி அங்கேயே நின்றுவிடும். திரையில் ஒரு பிழைச் செய்திகூட வராமல் வருடக்கணக்கில் இப்படி ஓடும்.

ஒரு மாலை அந்த ஸ்டுடியோவுக்கே போனேன். கேபினெட்டுக்குப் பின்னால், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஒரு கறுப்பு யுஎஸ்பி பெட்டி, நீல விளக்கு மினுக்கிக்கொண்டு தொங்கியது. எஸ்எஸ்டி அதற்குள் இருந்தது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியதைப் பெட்டியில் போட்டு அப்படியே ஓட்டியிருக்கிறார். ட்ரிம் இயங்குகிறதா என்று கேட்கும் கட்டளைக்கு விண்டோஸ் ‘இயங்குகிறது’ என்றுதான் பதில் சொன்னது. பலர் ஏமாறும் இடம் இது. நான் அனுப்பத் தயாராக இருக்கிறேன் என்பது மட்டுமே அந்தப் பதிலின் பொருள். அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் டிஃப்ராக் என்று தேடினால் வரும் ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ ஜன்னலைத் திறந்தோம். அவருடைய டிரைவுக்கு எதிரே ‘ஹார்ட் டிஸ்க் டிரைவ்’ என்று இருந்தது. பெட்டிக்குள் எஸ்எஸ்டி இருப்பதே விண்டோஸுக்குத் தெரியவில்லை! அந்த நிலையில் ஆப்டிமைஸ் அழுத்தினால் ட்ரிம் போகாது, ஃபைல்களை இடம் மாற்றி அடுக்கும் டிஃப்ராக்தான் நடக்கும். தேய்மானத்துக்கு மேல் தேய்மானம்.

எல்லா யுஎஸ்பி பெட்டிகளும் மோசம் என்று சொல்லவில்லை. யுஏஎஸ் என்ற முறையில் பேசும் பெட்டிகளில் சில ட்ரிம்மைச் சரியாக மொழிபெயர்த்துக் கொடுக்கும். இவருடையது அந்த வகை இல்லை. கேபினெட்டைத் திறந்து, தூசு தட்டி, சாட்டா கேபிளில் மாட்டினோம். அதே ஜன்னலில் ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று வந்தது. ஆப்டிமைஸை ஒரு முறை அழுத்தினோம். இதை உடனே அழுத்திவிடுவது நல்லது. ட்ரிம் பொதுவாக ஃபைலை அழிக்கும் நேரத்தில் போகும் செய்தி. போன வருடம் போய்ச் சேராத செய்திகளை, டிரைவை இடம் மாற்றி மாட்டியவுடன் விண்டோஸ் திரும்பச் சொல்லிவிடாது. ஆப்டிமைஸ் ஓடினால்தான் இப்போது காலியாக இருக்கும் இடம் முழுவதையும் மறுபடி பட்டியல் போட்டு அனுப்பும்.

உள்ளேயே மாட்டியிருந்தும் இதே தொல்லை இருந்தால், மதர்போர்டு அல்லது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய ஸ்டோரேஜ் ட்ரைவரைப் போட்டுப் பாருங்கள். இரண்டு டிரைவை ரெய்டு முறையில் இணைத்திருப்பவர்கள் முதலில் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸில் ரெய்டு என்று இருப்பதை, டிரைவ்களைத் தனித்தனியாகக் கையாளும் ஏஎச்சிஐ என்று அவசரப்பட்டு மாற்றாதீர்கள். அதற்கான ட்ரைவர் எழுந்திருக்காமல் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். டிரைவ்களை அப்படி இணைக்காதவர்கள், முதலில் அடிப்படை ட்ரைவர்களோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் விண்டோஸ் துவங்கும்படி அமைத்துவிட்டு, பிறகு மாற்றி, ஒரு தடவை சேஃப் மோடில் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். லினக்ஸ்காரர்களுக்கு ட்ரிம் அனுப்பும் எஃப்எஸ்ட்ரிம் கட்டளை வாரம் ஒரு முறை ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்.

எனக்கு வருத்தம் தருவது, நல்ல டிரைவைத் தூக்கிப் போடச் சொல்வதும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபார்மட் அடித்தால்தான் கம்ப்யூட்டர் நல்லபடி ஓடும் என்பதும், டெஸ்க்டாப்பில் ரிஃப்ரெஷ்ஷைத் தட்டிக்கொண்டே இருந்தால் வேகம் கூடும் என்பதும் ஊரில் வேதவாக்காகிவிட்டதுதான். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அது நன்றி. காரணம் தெரியாத சடங்கைப் பரிகாரமாக விற்றுப் பணம் வாங்குவதுதான் தவறு. சிப் ஆலைகளுக்காக 2021-ல் அரசு 76,000 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தது, வரவேற்கிறேன். அதில் ஒரு சிறு பங்காவது நம் பாலிடெக்னிக்குகளின் ஆய்வகத்துக்கு வர வேண்டும். மசுவோகா பிளாஷை உருவாக்கியது நிறுவனம் கொடுத்த வேலையாக அல்ல, தன் மாலை நேரங்களில். அப்படிக் குடைந்து பார்க்கும் பிள்ளைகள் கடலூரிலும் இருக்கிறார்கள்.

ஸ்டுடியோக்காரருக்கு ஓர் எச்சரிக்கையும் சொன்னேன். கேமரா கார்டில் தவறுதலாக அழித்த படங்களை ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு மீட்டுப் பழக்கப்பட்டவர் அவர். ட்ரிம் வேலை செய்யும் எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கை வேண்டாம். ‘அந்த மூட்டை வேண்டாம்’ என்ற செய்தி போனபின் கேட்டால் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள்தான் கிடைக்கும். இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் வைத்த பிறகே அழிக்க வேண்டும்.

“தினமும் ஆப்டிமைஸ் அழுத்தணுமா சார்?” என்றார். வேண்டாம். விண்டோஸ் வாரம் ஒரு முறை தானே செய்துகொள்ளும். டிரைவில் ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாக விட்டு, பெரிய ஃபைல்களை அழித்த அன்று மட்டும் மெஷினை உடனே அணைக்காமல் அரை மணி நேரம் சும்மா ஓட விட்டால், கன்ட்ரோலர் அந்த நேரத்தில் பிளாக்குகளைக் கழுவி அடுத்த முகூர்த்தத்துக்குத் தயாராக வைத்துவிடும்.