டன்னுக்கு எத்தனை யூனிட், மாதத்துக்கு எத்தனை யூனிட்

"டன்னுக்கு யூனிட்டைக் குறைச்சுட்டமுங்க சார்" என்று கரும்பலகையைக் காட்டினார் கோவைப் பக்கத்துப் பவுண்டரி (இரும்பு வார்ப்பாலை) முதலாளி ஒருவர். ஒரு டன் இரும்பை உருக்க ஆகும் மின்சாரத்தைச் சொன்னார்.

உண்மையிலேயே பெரிய வேலை அது. எரிசக்தித் தணிக்கையாளனாக நான் பல பவுண்டரிகளில் பார்ப்பது இதுதான்: இண்டக்‌ஷன் ஃபர்னஸில் (மின்சார உலையில்) இரும்பு உருகித் தயாராக இருக்கும், அதை ஊற்றும் அச்சு தயாராக இருக்காது. மூடி திறந்து கிடக்க, 1,450 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இரும்பு காத்திருக்கும். பத்தடி தள்ளி நின்றாலும் முகம் காந்தும். அந்தக் காந்தல் அத்தனையும் காசு கொடுத்து வாங்கிய மின்சாரம். மூடியைப் போட்டு வைக்கவும், அச்சு வரும் வேகத்துக்கு உருக்கவும் ஆட்களைப் பழக்கியிருந்தார்.

மாத மின்கட்டண பில்லைக் கேட்டேன். ஆர்டர் கூடியதால் மொத்த யூனிட்டும் கூடியிருந்தது. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: மாதம் 200 டன், டன்னுக்கு 650 யூனிட் என்றால் 1,30,000 யூனிட். அதை 585 யூனிட்டாகக் குறைத்து, உற்பத்தியை 300 டன்னாக ஏற்றினால் 1,75,500 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஆக, 91 டன்னாக இருந்த புகை சுமார் 123 டன்னாகிவிடும்.

நாட்டின் கணக்கும் இப்படித்தான். 2005 முதல் 2020 வரை நம் உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்குமான உமிழ்வு 36 சதவீதம் குறைந்தது. 2030க்குள் 2005ஐ விட 45 சதவீதம் குறைப்பது இலக்கு. ஆனால் அதே காலத்தில் மொத்த உமிழ்வு கூடித்தான் போனது. வானத்துக்குப் போவது மொத்தம்தான்.

பவுண்டரிக்காவது வழி உண்டு. காற்றாலை, சூரிய மின்சாரம் வாங்கினால் உருக்கும் கரண்டின் புகை பெருமளவு குறையும். அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகளுக்கு அது போதாது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே அதற்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்; 100 கிலோ கால்சியம் கார்பனேட்டுக்கு 44 கிலோ. சூளையை எதைக் கொண்டு எரித்தாலும் இது மாறாது. வீடும் மேம்பாலமும் பெருகப் பெருக இதுவும் பெருகும். கிளிங்கரை (அப்படிச் சுட்டு எடுக்கும் கட்டியை) குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட்டைக் கேட்டு வாங்குவது வீடு கட்டும் எவரும் இன்றே செய்யக்கூடியது.

திருப்பூர்ச் சாயத்தொழில் இன்னொரு ரகம். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாமல் சுத்திகரிக்க வேண்டிய நிலை உறுதியானது. நொய்யல் ஆற்றுக்கு அது அவசியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சுத்திகரிப்பில் மிஞ்சும் உப்புத் தண்ணீரை ஆவியாக்க நீராவி வேண்டும், பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். ஆர்டர் ஏறும்போது துணியோடு இந்தச் செலவும் ஏறுகிறது. அங்கே நான் முதலில் பார்ப்பது பாய்லரும் நீராவிக் குழாய்க் கசிவும்தான்.

மென்பொருள் அலுவலகங்களில் பெரும்பகுதி ஏசியும் கணினியும். அதே வருமானத்துக்கு அங்கே புகை மிகக் குறைவு.

கிளம்பும் முன் பவுண்டரிப் பலகையில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன்: மாத மொத்த யூனிட், அதில் காற்றாலையிலிருந்து வந்தது எவ்வளவு. முதலாளி கொஞ்சம் யோசித்தார். பிறகு சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "கண்ணு, சாக்பீஸ் எடுத்துட்டு வா" என்றார்.