ஸ்பில்: தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

சிட்னிக்கு வந்த புதுசுல ஒரு நாள் எங்க டீம் மொத்தத்தையும் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு, ஸ்பில் அண்ட் ஃபில் பண்ணப் போறோம்னு சொன்னாங்க. பதினாலு பேர் உக்காந்திருந்தோம். அதுக்கு அர்த்தம், அந்த நிமிஷத்துல இருந்து பதினாலு பேரோட சீட்டும் காலி, புதுசா ஒன்பது வேலைதான் இருக்கு, வேணும்கிறவங்க தான் பார்த்துட்டிருந்த அதே வேலைக்குத் திரும்பவும் அப்ளிகேஷன் போட்டு இன்டர்வியூவுக்கு வரணும். யார் மேலயும் குத்தம் சொல்லல, யாரையும் வேலையை விட்டுத் தூக்கிட்டோம்னும் சொல்லல, ஆனா சீட்டு மட்டும் யாருக்கும் இல்ல. எனக்குக் கிடைச்சுது, பக்கத்து சீட்ல எட்டு வருஷமா இருந்த அக்காவுக்குக் கிடைக்கல, அது இன்னும் மனசுல கிடக்கு. அந்த வாரம்தான் இங்க டிவில அடிக்கடி வர்ற லீடர்ஷிப் ஸ்பில்ங்கிற வார்த்தை எனக்கு உண்மையா புரிஞ்சது. ஏன்னா ரெண்டும் ஒண்ணுதான்.

ஆஸ்திரேலியாவுல ஒரு கட்சியோட எம்.பி.க்கள் எல்லாம் கூடி, தலைவர் பதவி (பல சமயம் துணைத் தலைவர் பதவியும் சேர்த்து) இப்ப காலின்னு அறிவிக்கிறதுதான் ஸ்பில். காலின்னு ஆனதுக்கு அப்புறம்தான் யார் நிக்கிறீங்கன்னு கேப்பாங்க, ரகசிய ஓட்டு போடுவாங்க. அதாவது ரெண்டு படி, முதல்ல நாற்காலியைக் காலி பண்றது, அடுத்து அதுல யாரை உக்கார வைக்கிறதுன்னு பாக்குறது. முதல் படிக்குத்தான் ஸ்பில்னு பேரு. எதிர்க்கட்சியா இருக்குறப்ப இதுல ஜெயிக்கிறவரே தானா நாடாளுமன்றத்துல எதிர்க்கட்சித் தலைவர் ஆயிடுவார், வேற தேர்தல் எதுவும் கிடையாது.

நம்ம ஆளுங்க இதைத் தமிழ்ல சொல்றப்ப தலைமைப் போட்டின்னு சொல்லிடுறாங்க, இலங்கைத் தமிழர்கள் தலைமைத்துவப் போட்டி, தலைமைத்துவச் சவால்னு சொல்றாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அது ரெண்டாவது படியோட பேரு. முதல் படி அந்தத் தமிழ்ல காணாமலே போயிடுது, அது போயிட்டா நடந்தது என்னன்னே விளங்காது. இது சும்மா வார்த்தைச் சண்டை மாதிரி தெரியலாம், 2009ல லிபரல் கட்சியில நடந்ததைப் பாத்தா ஏன் இவ்வளவு சொல்றேன்னு புரியும்.

(லிபரல்னு பேர் இருந்தாலும் இங்க அது வலதுசாரிக் கட்சி, லேபர்தான் இடதுபக்கம். புதுசா வர்றவங்க எல்லாரும் இதுல ஒரு தடவை குழம்புவாங்க.)

2009ல கெவின் ரட் பிரதமர், லேபர் ஆட்சி. லிபரல் எதிர்க்கட்சி, அதோட தலைவர் மால்கம் டர்ன்புல். கார்பன் வெளியேற்றத்துக்கு விலை வைக்கிற ரட்டோட மசோதாவுக்கு ஆதரவு குடுக்கலாம்னு டர்ன்புல் நின்னார், கட்சியில பாதிப் பேருக்கு அது பிடிக்கல. நவம்பர் 25ஆம் தேதி கெவின் ஆண்ட்ரூஸ்ங்கிற எம்.பி. தலைவர் பதவியைக் காலின்னு அறிவிக்கணும்னு தீர்மானம் கொண்டு வந்தார், 48க்கு 35ன்னு அது தோத்துப் போச்சு. கவனிங்க, அன்னைக்குத் தலைவர் தேர்தலே நடக்கல. நாற்காலி காலியாகல, அதனால யாரும் நிக்கவும் இல்ல, யாரும் தோக்கவும் இல்ல. ஆனா போட்டின்னு மொழிபெயர்த்தா ஆண்ட்ரூஸை டர்ன்புல் 48க்கு 35ன்னு ஜெயிச்ச மாதிரி ஆயிடுது.

ஒரு வாரம்கூட ஆகல, டிசம்பர் 1ஆம் தேதி மறுபடியும் அதே தீர்மானம். இந்தத் தடவை 48க்கு 34ன்னு பாஸ் ஆச்சு, நாற்காலி காலி. அப்புறம் மூணு பேர் நின்னாங்க, டோனி அபட், ஜோ ஹாக்கி, பதவியை அப்பத்தான் இழந்த டர்ன்புல்லும் திரும்ப நின்னார். ஹாக்கிதான் வருவார்னு பரவலா பேச்சு. முதல் சுத்துல அபட்டுக்கு 35, டர்ன்புல்லுக்கு 26, ஹாக்கிக்கு 23, அதனால ஹாக்கி வெளிய. ரெண்டாவது சுத்துல அபட் 42, டர்ன்புல் 41. ஒரே ஒரு ஓட்டு. இதுல ஒரு செல்லாத ஓட்டு வேற, யாரோ ஒருத்தர் பேர் எழுதாம நோன்னு எழுதிப் போட்டிருந்தார். 1999 ஏப்ரல் 17ல வாஜ்பாய் அரசு 269க்கு 270ன்னு ஒரு ஓட்டுல விழுந்ததைப் பாத்த நமக்கு இந்த ஒரு ஓட்டோட கனம் என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. அந்த ஒரு ஓட்டுல வந்த அபட்தான் 2013ல பிரதமரும் ஆனார்.

அதே அபட் பிரதமரா இருக்குறப்ப 2015 பிப்ரவரி 9ஆம் தேதி அவர் மேலயும் ஸ்பில் தீர்மானம் வந்துச்சு. எதிர்த்து நிக்கிறேன்னு வெளிப்படையா ஒருத்தர்கூட சொல்லல, ஆனாலும் பதவியைக் காலி பண்ணுங்கன்னு 39 பேர் ஓட்டு போட்டாங்க, வேண்டாம்னு 61 பேர். எதிராளியே இல்லாத இதைப் போய் எப்படிப் போட்டின்னு சொல்றது? (அந்த வருஷம் செப்டம்பர்லயே டர்ன்புல் அவரைத் தோக்கடிச்சுட்டார், அது வேற கதை.) லேபர்லயும் இப்படி ஒண்ணு உண்டு, 2013 மார்ச் 21ல பிரதமர் ஜூலியா கிலார்ட் தானே பதவியைக் காலின்னு அறிவிச்சு ஓட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டார், ரட் நிக்க மாட்டேன்னுட்டார், கிலார்ட் போட்டியில்லாமத் தேர்வானார். ஸ்பில் நடந்துச்சு, போட்டி நடக்கல.

தலைவரே தன் பதவியைக் கலைச்சுக்கிறது எதிர்க்கட்சியிலயும் உண்டு. பிரெண்டன் நெல்சன் 2007 நவம்பர்ல டர்ன்புல்லை 45க்கு 42ன்னு ஜெயிச்சுத்தான் லிபரல் தலைவர் ஆனார், ஆனா அப்ப இருந்தே அவர் பதவி மேல சந்தேகம் ஓயல, கடைசியா 2008 செப்டம்பர் 16ல தானே ஸ்பில் வச்சார். 45க்கு 41ன்னு டர்ன்புல்கிட்ட தோத்தார்.

இன்னொரு பக்கம், ஸ்பில்லே இல்லாம எதிர்க்கட்சித் தலைவர் மாறுறதும் இருக்கு, அதையும் போய் ஸ்பில்னு சொல்லிடக் கூடாது. 1983ல லேபர் எதிர்க்கட்சியா இருந்தப்ப பில் ஹேடன் தலைவர். முந்தின வருஷம் ஜூலையில பாப் ஹாக் அவரை எதிர்த்து நின்னு 42க்கு 37ன்னு தோத்திருந்தார். ஆனா பிப்ரவரி 3ஆம் தேதி, பிரதமர் ஃப்ரேசர் தேர்தல் அறிவிச்ச அதே நாள், ஹேடன் தானா விலகி ஹாக்குக்கு வழி விட்டார். ஆடு மாடு ஓட்டுறவனோட நாய்கூட இந்தத் தேர்தல்ல லேபரை ஜெயிக்க வச்சுடும்னு அவர் அன்னைக்கு வலியோட சொன்னதை இன்னைக்கும் இங்க எடுத்துப் பேசுறாங்க. மார்ச் 5ல ஹாக் ஜெயிச்சு பிரதமர் ஆனார். அது ராஜினாமா, ஸ்பில் கிடையாது. 2025 மே 3 தேர்தல்ல லிபரல் தலைவர் பீட்டர் டட்டன் தன் சொந்தத் தொகுதியான டிக்சன்லயே தோத்துட்டார், நாற்காலி தானாவே காலி, மே 13ல சூசன் லீ 29, ஆங்கஸ் டெய்லர் 25ன்னு லீ தலைவர் ஆனார், ஃபெடரல் லிபரல் கட்சிக்கு முதல் பெண் தலைவர். இதைத் தாராளமா தலைமைப் போட்டி, தலைவர் தேர்தல்னு எழுதலாம், சரியான தமிழ் அதுதான்.

லேபர் கட்சி 2013ல ரூலையே மாத்திடுச்சு. தலைவர் தேர்தல்ல எம்.பி.க்களோட ஓட்டுக்குப் பாதி மதிப்பு, சாதாரண கட்சி உறுப்பினர்களோட ஓட்டுக்குப் பாதி. அதோட, எதிர்க்கட்சியில இருக்குற தலைவரை இறக்கணும்னா கட்சி எம்.பி.க்கள்ல 60 சதவீதம் பேர் கையெழுத்து போடணும், பிரதமரா இருந்தா 75 சதவீதம். அந்த வருஷம் தேர்தல்ல தோத்து எதிர்க்கட்சி ஆனதும் இந்த ரூல்படி முதல் தலைவர் தேர்தல், பில் ஷார்ட்டனும் அந்தோனி அல்பனீஸியும் நின்னாங்க. உறுப்பினர்கள் கிட்ட அல்பனீஸிக்கு 60 சதவீதம் வந்துச்சு, ஆனா எம்.பி.க்கள்ல 55 பேர் ஷார்ட்டனுக்கும் 31 பேர் அல்பனீஸிக்கும் போட்டாங்க, ரெண்டையும் சேர்த்தா ஷார்ட்டன் 52.02 சதவீதம், அவர்தான் தலைவர். தொண்டன் விரும்பினவர் ஒருத்தர், வந்தவர் வேற ஒருத்தர். எனக்கு இதுல வருத்தம் உண்டு, ஆனாலும் மாநாட்டுல கை தட்டித் தலைவரை ஏத்துக்கிற கட்சிகளைப் பாத்து வளர்ந்த எனக்கு, தொண்டனோட ஓட்டை எண்ணி, எத்தனைன்னு வெளியில சொன்னதே பெரிய விஷயமா பட்டுச்சு. இதுக்கு அப்புறம் ஒரே நாள்ல தலைவரைத் தூக்குற ஸ்பில் லேபர்ல கிட்டத்தட்ட இல்லைன்னு ஆச்சு.

இப்ப வார்த்தைக்கு வருவோம். ஸ்பில்னா இன்னைக்கு சிந்துறது, கொட்டுறது. ஆனா பழைய ஆங்கிலத்துல ஸ்பில்லன்னா அழிக்கிறது, கொல்றது. ரத்தம் சிந்த வைக்கிறதுங்கிற அர்த்தம் அதுல இருந்து வந்து, அப்புறம்தான் தண்ணி, பால் எல்லாத்துக்கும் பரவுச்சு. ஆஸ்திரேலியாக்காரங்க அதைப் பதவிக்குக் கொண்டு வந்தாங்க, ஒரு பதவி காலியாச்சுன்னா அதை ஒட்டி இருக்குற பதவிகளையும் சேர்த்துக் கொட்டிடுறது. எங்க ஆபீஸ்ல நடந்ததும் அந்த அர்த்தம்தான். இங்கிலாந்துல கட்சித் தலைவரை மாத்துறப்ப இந்த வார்த்தை புழக்கத்துல கிடையாது, இது இந்த ஊரோட சொத்து.

அப்படியே சிந்தல்னு போட்டா தமிழ்ல நிக்காது. சிந்துறது நமக்குக் கைதவறி நடக்குறது, சாப்பிடுறப்ப சோறு சிந்தும். வேணும்னே பண்ணா கொட்டுறது. பதவி சிந்துச்சுன்னு யாராவது சொன்னா எதிர்ல இருக்குறவர் திருதிருன்னு முழிப்பார். கவிழ்ப்புன்னு சொல்லலாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன், ஆட்சிக் கவிழ்ப்பு நமக்குப் பழகின சொல், சூடும் இருக்கு. ஆனா கவிழ்ந்துட்டா கவிழ்ந்ததுதான், ஸ்பில்ல பழைய தலைவரே திரும்ப நின்னு ஜெயிச்சு வரலாம். நம்பிக்கையில்லாத் தீர்மானமும் சரிப்படாது, அது சபையில அரசாங்கத்து மேல கொண்டு வர்றது, இது கட்சி ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டு நடக்குறது.

என் முடிவு கலைப்பு. தலைமைக் கலைப்பு. கூட்டம் கலையுது, கோலம் கலையுது, தூக்கம் கலையுது, எல்லாத்துலயும் ஒரு ஒழுங்கா இருந்தது குலையுற அர்த்தம் இருக்கு. கட்சி வழக்குலயும் இந்தச் சொல் ஏற்கெனவே இருக்கு, மாவட்டக் கமிட்டி கலைப்பு, கிளை நிர்வாகம் கலைப்புன்னு பேப்பர்ல படிச்சிருப்போம், கமிட்டியைக் கலைச்சாச்சு, புதுசா போடப் போறாங்கன்னு அர்த்தம், ரெண்டு படியும் அதுல அடங்கியிருக்கு. எல்லாத்துக்கும் மேல சீட்டாட்டம். கட்டைக் கலைச்சுப் போடுன்னா எல்லார் கையில இருக்குறதையும் வாங்கிக் கலந்து திரும்பப் போடுறது, போன ஆட்டத்துல உன் கையில இருந்த ராஜா இந்தத் தடவையும் உனக்கே வரலாம், வராமலும் போகலாம். டர்ன்புல் திரும்ப நின்னது அந்த நம்பிக்கையிலதான்.

இதுக்கு ஒரு மறுப்பு வரும், அது நியாயமானது. தமிழ்நாட்டுல கலைப்புன்னாலே அரசியல் சட்டத்தோட 356ஆவது பிரிவுதான் ஞாபகம் வரும், 1976லயும் 1991லயும் டெல்லியில இருந்து தி.மு.க. ஆட்சியைக் கலைச்சது. அது மேல இருக்குறவன் கீழ இருக்குறவனைக் கலைக்கிறது, ஸ்பில்ல கூட உக்காந்திருக்குற எம்.பி.க்களே கலைக்கிறாங்க. அதனாலதான் வெறும் கலைப்புன்னு விடாம தலைமைக் கலைப்புன்னு சேர்த்துச் சொல்லணும்கிறேன், ஆட்சிக் கலைப்பு வேற, தலைமைக் கலைப்பு வேறன்னு காது பிரிச்சுக்கும்.

எங்க தெருவுல இருக்குற யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். அவர் கேட்டதுமே தலையாட்டினார், எங்கட ஊரில நாயைக் கலைக்கிறது எண்டா துரத்துறதுதானே தம்பி, அப்ப தலைவரைக் கலைச்சுப் போட்டினம் எண்டு சொன்னாச் சரியாத்தானே இருக்குதுன்னார். நான் நினைச்சே பாக்காத அர்த்தம் அது. தமிழ்நாட்டுக் காதுக்குக் குலைக்கிறது, ஈழத்துக் காதுக்குத் துரத்துறது, ஸ்பில்ல நடக்குறது ரெண்டுமே.

எழுதுறப்ப இப்படி எழுதிப் பாருங்க. ஸ்பில் மோஷன்னா தலைமைக் கலைப்புத் தீர்மானம். அது தோத்தா, கலைப்புத் தீர்மானம் தோல்வி, தலைவர் நீடிக்கிறார். பாஸ் ஆனா, தலைமை கலைக்கப்பட்டது, தலைவர் தேர்தல் நடக்கிறது. தலைவரே அறிவிச்சா, தன் தலைமையைத் தானே கலைத்தார். 2009 நவம்பர் 25க்கு முதல் வரி, டிசம்பர் 1க்கு ரெண்டாவது வரி, 2008 செப்டம்பர் 16 நெல்சனுக்குக் கடைசி வரி.