மேனர்: மாளிகையா, பண்ணையா?

திருவல்லிக்கேணியில் மேன்ஷன் என்றால் சின்ன அறைக்குள் மூன்று கட்டில், நடையில் காயும் லுங்கி, கோடியில் பொதுக் குளியலறை. அதே சொல்லை ஆங்கிலக் கதையில் படித்தால் மட்டும் வரிசையாகச் சன்னல் வைத்த மாளிகை கண்முன் வருகிறது. இந்த மேன்ஷனுக்கு உடன்பிறப்புதான் மேனர் என்ற ஆங்கிலச் சொல். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி. இரண்டும் ‘மானேரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்தவை. பொருள்: தங்கு, இரு. மாப்பிள்ளைக்கு வேலை பெர்மனென்ட்டா என்று கேட்கிறோமே, அந்தப் பெர்மனென்ட்டுக்கும் அதே வேர்தான்.

இந்த இடத்தில் நமக்குக் கை பரபரக்கும். மனை இருக்கிறது, மனைவி இருக்கிறாள், நிலைத்திருப்பதைச் சொல்லும் ‘மன்னுதல்’ வேறு இருக்கிறது. ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது. அப்புறம் என்ன, மேனர் தமிழ்ச்சொல்தானே? அப்படியில்லை. இரண்டு மொழிகள் உறவு என்று சொல்ல வேண்டுமானால் பல சொற்களில் ஒரே ஒழுங்கில் ஒலி மாறியிருக்க வேண்டும். ஒரு சொல் பொருந்துவது தற்செயல். இந்தப் பொருத்தம் எனக்கும் பிடித்திருக்கிறது. சான்றாக மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

சரி, சொல்லின் கதைக்கு வருவோம். 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபோது பிரெஞ்சு வழியாக இந்தச் சொல்லும் கூடவே போனது. அங்கே மேனர் என்றால் வெறும் வீடு அல்ல. நிலம், அதில் உழைக்கும் குடிகள், அவர்கள் வழக்கைத் தீர்க்கப் பிரபுவின் நீதிமன்றம், எல்லாம் சேர்ந்தது. அந்தப் பொருளோடுதான் அது அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றங்கரைக்கு வந்தது. ரென்சலர்ஸ்விக் என்ற பெருநிலம் 1685இலும் லிவிங்ஸ்டன் என்ற பெருநிலம் 1686இலும் ஆங்கில ஆளுநரின் பட்டயத்தால் மேனர் ஆயின. டச்சுக்காரர் காலத்திலிருந்தே ரென்சலர்ஸ்விக்கின் சொந்தக்காரருக்குப் பட்ரூன் என்று பெயர். அதன் வேர், தந்தையைக் குறிக்கும் லத்தீன் சொல். நாம் ‘ஆண்டை’ என்றால் சரியாக இருக்கும்.

கடைசிப் பட்ரூன் மூன்றாம் ஸ்டீஃபன் வான் ரென்சலர். ஆல்பனி நகருக்கு வடக்கே அவருடைய வீடு. வாசலிலிருந்து பின்கட்டு வரை நீளும் பெரிய கூடம், சுவரெங்கும் லண்டனில் கையால் வரைந்து தருவித்த ஓவியத் தாள். விருந்தும் நடனமும் அங்கேதான். மூத்த தாரம் இறந்தபின் இரண்டாம் கல்யாணம், இரு தாரத்துப் பிள்ளைகளும் ஒரே வீட்டில். அடுப்படியையும் குதிரைலாயத்தையும் பார்த்துக்கொண்டவர்களை இந்தக் கணக்கில் விட்டுவிடக் கூடாது. அடிமைத்தனம் தெற்கு மாநிலங்களின் சங்கதி என்று பலர் நினைக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் அது முற்றாக ஒழிந்ததே 1827 ஜூலை 4இல்தான். ஹட்சன் கரை மேனர் வீடுகள் அதுவரை அடிமைகளின் உழைப்பிலும் ஓடின.

வீட்டுக்கு வெளியே ஏறக்குறைய 3,000 குத்தகைக் குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாகத் தீராத குத்தகை. ஆண்டுதோறும் நூறு ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு புஷல் கோதுமை, கொழுத்த கோழி நாலு, வண்டி மாட்டிக்கொண்டு வந்து ஒருநாள் வேலை. நம்மூர்ச் சொல்லில் கடைசியது ‘வெட்டி’, அதாவது கூலியில்லா வேலை. 1839இல் ஸ்டீஃபன் இறந்தார். ஹட்சனின் மேற்குக் கரை நிலம் மூத்த தாரத்து மகனுக்கு, கிழக்குக் கரை இளைய தாரத்து மகனுக்கு என்று எழுதிவைத்திருந்தார். அப்பா கண்டிக்காமல் விட்ட குத்தகைப் பாக்கி சுமார் 4,00,000 டாலர். பிள்ளைகள் அதை வசூலிக்கக் கிளம்பியதும் குடியானவர்கள் எழுந்தார்கள். வயலில் இருப்பவர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வீட்டுப் பெண்கள் ஊதும் தகரக் கொம்புதான், ஷெரீஃப் என்ற சட்ட அதிகாரி வருகிறார் என்று ஊருக்கு எச்சரிக்கை ஆனது. முடிவில் 1846ஆம் ஆண்டின் நியூயார்க் அரசியலமைப்பு, வேளாண் நிலத்தை 12 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடக் கூடாது என்றது. நிலம் கைவிட்டுப் போக, பெயர் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டையும் 1893இல் இடித்துவிட்டார்கள். கூடத்து ஓவியத் தாள் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தமிழில் என்ன சொல்வது? ‘மாளிகை’ என்றால் அழகு வருகிறது, குத்தகை வரவில்லை. ‘அரண்மனை’யில் மனை இருந்தாலும் அரசவாசனை தூக்கல். ஜமீன் கொஞ்சம் நெருக்கம்; ஆனால் நிலத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல் அது, அதோடு நம் ஜமீன்தார் சர்க்காருக்கு வரி வசூலித்துக் கட்டியவர். ‘பெரிய வீடு’ என்று எழுதினால், ‘அப்போ சின்ன வீடு எங்கே?’ என்று யாராவது கேட்பார்கள். வெறும் ‘மனை’ இன்றைக்கு வீடே இல்லாத காலி இடம், கல் நட்டு சதுர அடிக் கணக்கில் விற்பது.

என் தேர்வு, மேனருக்குப் ‘பெரும்பண்ணை’. அதன் வீட்டுக்குப் ‘பண்ணையார் வீடு’. ‘பண்ணை வீடு’ என்று சுருக்கினால் நீச்சல் குளத்தோடு வார இறுதி வாடகைக்கு விடும் இடம் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த ‘யார்’ முக்கியம்.