பிரதேச சபை: ஒரு சொல், இரண்டு கந்தோர்

போன மாரியில் எங்கள் ஒழுங்கை முகப்பில் இருந்த மதகு இடிந்து, ஒரு பக்கம் தண்ணீரோடு போய்விட்டது. பக்கத்து வீட்டு மாமி ஒரு கடிதம் எழுதுவித்து, பஸ் ஏறிப் போய், போர்டில் ‘பிரதேச’ என்று கண்ட கந்தோருக்குள் நுழைந்து, ஒன்றரை மணித்தியாலம் வாங்கில் இருந்திருக்கிறார். கடிதத்தை வாங்கிய பிள்ளை முதல் வரியிலேயே கண்ணை எடுத்துவிட்டாள். “அம்மா, இது செயலகம். உங்கட அலுவல் சபைக்கு. அங்கால போங்கோ.”

“அதுவும் பிரதேசம், இதுவும் பிரதேசம். அப்ப என்ன தம்பி வித்தியாசம்?” என்று மாமி வந்து என்னைக் கேட்டார். கேள்வி நியாயமானது. பிழை மாமியில் இல்லை, சொல்லில் இருக்கிறது.

பிரதேசம் வடமொழிச் சொல். ‘திச்’ என்ற வேருக்குச் சுட்டுதல் என்று பொருள். திசை, தேசம் எல்லாம் அதன் பிள்ளைகள். முன்னே ‘பிர’ சேர்ந்தால் பிரதேசம், அதாவது இன்னது என்று சுட்டப்பட்ட இடம். எவ்வளவு பெரிய இடம் என்பதை அது சொல்லாது. இந்தியாவில் உத்தரப் பிரதேசம் பல கோடிப் பேர் வாழும் மாநிலம். இலங்கையில் எங்களுக்கோ துணுக்காய் என்ற சின்ன ஊர்ப்பக்கமும் ஒரு பிரதேசம். சபையும் வடமொழிதான். கூட்டம், கூடும் மண்டபம் என்ற இரண்டையும் குறிக்கும். தமிழில் அதற்கு அவை இருக்கிறது. திருக்குறளின் 72ஆம் அதிகாரம் அவையறிதல், 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. அந்த ‘அவை’யே சபையிலிருந்து வந்ததுதான் என்று ஒரு சாராரும், இல்லை என்று மறு சாராரும் சண்டை பிடிப்பார்கள். அது மதகுக்கு உதவாது, விடுவோம்.

பெயர் வந்த வழியைப் பார்த்தால் விஷயம் கொஞ்சம் தெளியும். முன்பு ஊர்களில் கிராமச் சங்கமும் பட்டின சபையும் இருந்தன. பழைய ஆட்கள் இன்றைக்கும் ‘வி.சி. ரோட்டு’ என்பது அந்தக் கிராமச் சங்கத்து வீதியைத்தான். 1981இல் அவற்றைக் கலைத்து மாவட்ட அபிவிருத்தி சபைகளை வைத்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. பிறகு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சிங்களத்தில் ‘பிராதேசீய சபா’. ஆங்கிலச் சட்டத்திலும் அதே பெயர், மொழிபெயர்க்காமல் அப்படியே. தமிழில் வாலைக் கொஞ்சம் நறுக்கிப் பிரதேச சபை ஆக்கினார்கள்.

மற்றக் கந்தோரான பிரதேச செயலகத்தின் கதை வேறு. டி.ஆர்.ஓ. என்ற காரியாதிகாரி இருந்த இடத்துக்கு உதவி அரசாங்க அதிபர் (ஏ.ஜி.ஏ.) வந்தார். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தோடு அவர் பிரதேச செயலாளர் ஆனார். அதனால்தான் வயதானவர்கள் வாயில் அது இன்னும் ‘ஏ.ஜி.ஏ. கந்தோர்’. (கந்தோர் என்பதே ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்.) உண்மையில் அந்தப் பழைய பெயர்தான் குழப்பமில்லாத பெயர். காணி, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், அஸ்வெசும உதவிப்பணம் என்றால் அங்கே போக வேண்டும். அது அரசாங்கத்தின் கை. அங்கே இருப்பவருக்கு நீங்கள் வாக்குப் போடுவதில்லை.

சபைக்கு வாக்குப் போடுகிறோம். அதன் தலைவர் தவிசாளர். தவிசு என்றால் இருக்கை. ஆனால் சபைக்குள்ளும் ஒரு செயலாளர் உண்டு. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே தேர்தல் வரைக்கும் தவிசாளரே இல்லாமல் அந்தச் செயலாளர்தான் எல்லாம் பார்த்தார். அங்கே பிரதேச செயலாளர், இங்கே பிரதேச சபைச் செயலாளர். மாமியைச் சொல்லிக் குற்றமில்லை.

சபைக்கு என்ன வேலை? 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு மூன்றைச் சொல்கிறது: பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வழிகள். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் குப்பை, சந்தை, நூலகம், வீதி விளக்கு, மயானம், கட்டட அனுமதி, உள் வீதி. இதற்காகத்தான் சோலைவரி வாங்குகிறார்கள். கடதாசியில் அது ஆதன வரி. ஆனால் எல்லைக்கோடு அவ்வளவு நேராக ஓடாது. கம்பம் மின்சாரக்காரருடையது, அதில் எரிகிற விளக்கைப் போடுவது பிரதேச சபை. ஏ-9 நெடுஞ்சாலை, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. அதற்கடுத்த சில வீதிகள் மாகாணத்துக்கு. அதிலிருந்து பிரியும் ஒழுங்கைதான் சபைக்கு. ஒரே சந்தியில் மூன்று குழி இருந்தால் மூன்று பேருக்குக் கடிதம் எழுத நேரலாம்.

கிளிநொச்சி இவ்வளவு பெரிய பட்டினமாக இருந்தும் அதற்கு நகர சபை கிடையாது. கரைச்சிப் பிரதேச சபைதான் பார்க்கிறது. வவுனியாவோ நகர சபையாக இருந்து மாநகர சபை ஆகியிருக்கிறது.

சரி, இதற்கு நல்ல தமிழ் என்ன? பொதுப்பெயராக உள்ளூராட்சி மன்றம் இருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி என்பார்கள். மன்றம் அழகான சொல். மன்று என்றால் ஊர் கூடும் வெளி. ‘வட்டார மன்றம்’ என்று வைக்கலாமே என்றால், வட்டாரத்தைத் தேர்தல்காரர்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள், ஒரு சபைக்குள் பல வட்டாரம். ஆனால் எங்களிடம் வேறு சொல் இருக்கிறது, அதுவும் போர்டிலேயே: கரைதுறைப்பற்று. முல்லைத்தீவில் உள்ள அந்தச் சபையின் பெயரைப் பாருங்கள். பற்று என்றால் பற்றி ஆண்ட நிலப்பிரிவு. ஒல்லாந்தர் காலத்து வன்னியிலேயே மேல்பற்று, கருநாவல்பற்று என்று வழங்கியது. மட்டக்களப்பில் கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று. ஆங்கிலத்தில் எழுதியவர்கள்கூடக் கரைதுறையை ‘மரிடைம்’ ஆக்கிவிட்டு, பற்றை மாற்றத் துணியாமல் ‘மரிடைம்பற்று’ என்று விட்டார்கள். பற்று ஏற்கெனவே இருக்கும்போது அதன் பின்னால் ‘பிரதேச’ என்று ஒட்டியது, நடுச்சென்டர் என்பது போலத்தான். என்னைக் கேட்டால் பற்று மன்றம் என்பேன். போர்டை மாற்றக் காசு செலவழிக்கச் சொல்லவில்லை. பேச்சில் வந்தால் போதும்.

மாமி அடுத்த கிழமை சரியான கந்தோருக்கே போனார். கடிதமும் சரி, தலைப்பில் ‘தவிசாளர் அவர்கட்கு’ என்று இருந்ததும் சரி. வந்து பார்த்த உத்தியோகத்தர் மதகுக்குக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, இது குளத்து வாய்க்கால், நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குத்தான் எழுத வேணும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அங்கயும் போர்டில பிரதேசம் எண்டு போட்டிருப்பாங்களோ தம்பி?”