டிவியில் தோற்ற தொடர் டிவிடியில் ஜெயித்த கதை

2003 டிசம்பர் 9-ஆம் தேதி அமெரிக்கக் கடைகளில் ஒரு டிவிடி பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே நான்கு டிஸ்க், விலை சுமார் 50 டாலர், தொடரின் பெயர் ‘ஃபயர்ஃப்ளை’. ஜாஸ் வீடன் உருவாக்கியது. இன்னும் ஐந்நூறு வருடம் கழித்து நடக்கும் கதை, ஓட்டை விண்கலம் ஒன்றில் ஒன்பது பேர், கிடைத்த வேலையையும் கொஞ்சம் கடத்தலையும் செய்து வயிற்றைக் கழுவுகிறார்கள். 2002 செப்டம்பரில் ஃபாக்ஸ் சேனலில் தொடங்கிய இந்தத் தொடர் அதே டிசம்பரில் நிறுத்தப்பட்டது. எடுத்து முடித்தது 14 எபிசோட், காட்டியது 11. பார்க்க ஆளில்லை என்று சேனல் கைகழுவிய தொடரை, ஒரு வருடம் முடிவதற்குள் அதே குழுமத்தின் வீடியோ பிரிவு பளபளவென்று பெட்டியில் போட்டு விற்கிறது.

எனக்கு இந்தப் பெட்டி அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் மூலமாகக் கிடைத்தது. ஆசையாக பிளேயரில் போட்டால் ‘ரீஜன் தவறு’ என்று திரையில் எழுத்து வந்து நின்றுவிட்டது. (அமெரிக்க டிஸ்க்குகள் ரீஜன் 1, இந்தியாவும் இலங்கையும் ரீஜன் 5. நாட்டுக்கு நாடு வேறு தேதியில், வேறு விலையில் விற்க வசதியாக ஸ்டுடியோக்கள் போட்டுவைத்த பூட்டு அது.) அப்புறம் எல்லா ரீஜனையும் படிக்கிற பிளேயர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பார்த்து முடித்தபோது இரண்டு கேள்விகள் மனதில் தங்கிவிட்டன. இவ்வளவு நல்ல தொடரை ஏன் நிறுத்தினார்கள்? நிறுத்தியதை எதற்கு விற்றார்கள்? தோண்டிப் பார்த்ததில் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

இலவச சேனலுக்குப் பணம் கொடுப்பது நாம் இல்லை. சோப்பும் காரும் விற்கிற கம்பெனி கொடுக்கிறது, எத்தனை கண்கள் திரையில் இருந்தன என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறது. நம் ஊரில் டிஆர்பி என்று சொல்வதை அங்கே நீல்சன் நிறுவனம் கணக்கெடுக்கும். அந்தக் காலத்தில் நாடு முழுக்க சுமார் 5,000 வீடுகளில் மீட்டர் வைத்து, அதை வைத்து மொத்த அமெரிக்காவையும் கணித்தார்கள். அந்தக் கணக்குப்படி ‘ஃபயர்ஃப்ளை’யைச் சராசரியாகப் பார்த்தவர்கள் 47 லட்சம் பேர். பட்டியலில் 98-ஆவது இடம். 47 லட்சம் பேர் என்பது நமக்குப் பெரிய கூட்டமாகத் தெரியும், ஆனால் அங்கே ஒரு பெரிய சேனலின் வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு அது போதாது.

இந்த மீட்டர் எதைப் பதிவு செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். டிவி ஓடுகிறதா, எந்த சேனல், முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார். அவ்வளவுதான். அந்த ஆள் துணி மடித்துக்கொண்டே அரைக் கண்ணால் பார்க்கிறாரா, இல்லை போன் அடித்தால்கூட எடுக்காமல் திரையை விழுங்குவது போல் பார்க்கிறாரா என்பது அதற்குத் தெரியாது. விளம்பரக்காரருக்கும் அது பெரிய விஷயமில்லை, இரண்டு பேரும் ஒரே விலைதான். ஒரு பேச்சுக்கு, ஒரு விளம்பரம் ஒருவர் கண்ணில் பட 2 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேர இடத்தில் கதை 44 நிமிடம், மீதி 16 நிமிடத்தில் அரை நிமிட விளம்பரங்கள் 32 வரை போடலாம். ஆக ஓர் எபிசோடை ஒருவர் பார்த்தால் சேனலுக்கு வருவது சுமார் 64 சென்ட். உயிரைக் கொடுத்து ரசிக்கிறவர் பார்த்தாலும் அதே 64 சென்ட்தான், 65 ஆகாது.

டிவிடி கடையில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அங்கே துணி மடித்துக்கொண்டே பார்த்தவர் ஒரு பைசா தரமாட்டார். விழுங்கிப் பார்த்தவர் 50 டாலரை எடுத்து வைப்பார். கூட்டம் எவ்வளவு பெரிது என்ற கேள்வி போய், கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்தத் தொடர் இல்லாமல் முடியாது என்ற கேள்வி வருகிறது. 47 லட்சத்தில் பத்தில் ஒருவர் வாங்கினாலே 4,70,000 பெட்டி. சேனலுக்கு வெறும் தூசு, வீடியோ பிரிவுக்குப் பெரிய வெற்றி. உண்மையில் நடந்ததும் இதற்குப் பக்கத்தில்தான்: 2005 செப்டம்பருக்குள் சுமார் 5 லட்சம் பெட்டிகள் விற்றதாகச் செய்திகள் வந்தன.

சரி, ரசிகர்கள் வாங்குவார்கள் என்பது புரிகிறது. ஸ்டுடியோ ஏன் இவ்வளவு அவசரப்படுகிறது? அங்கேதான் இன்னொரு சுவாரசியமான விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் தொடரைத் தயாரிக்கும் ஸ்டுடியோவுக்கு சேனல் தரும் பணம் பெரும்பாலும் தயாரிப்புச் செலவைவிடக் குறைவு. ஒவ்வோர் எபிசோடும் நஷ்டத்தில்தான் வெளியே போகிறது. அந்த நஷ்டத்தைப் பின்னால் ஈடு கட்டுவது மறுஒளிபரப்பு. உள்ளூர் நிலையங்களும் கேபிள் சேனல்களும் தினம் ஒன்று என்று போடுவதற்காகத் தொடரை மொத்தமாக வாங்குவார்கள். தினம் ஒன்று என்றால் கையில் நிறைய எபிசோட் வேண்டும், அதனால்தான் 100 என்பதை அந்தத் தொழிலில் ஒரு மைல்கல்லாகக் கொண்டாடுகிறார்கள். 14 எபிசோடை வைத்துக்கொண்டு அந்தச் சந்தையில் என்ன செய்வது? மூன்றாவது வாரம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். அந்தக் கதவு மூடிவிட்டது, வெளிநாட்டில் விற்றாலும் கொஞ்சம்தான் வரும். மிச்சம் இருக்கிற ஒரே உருப்படியான வழி டிஸ்க்.

அந்த வழியில் செலவு மிகக் குறைவு. நடிகர் சம்பளம், செட், கிராஃபிக்ஸ் எல்லாம் ஏற்கெனவே செலவாகிப் போனது, டிஸ்க் போட்டாலும் போடாவிட்டாலும் திரும்பி வராது. புதிதாக ஆவது படத்தைச் சுருக்கி அடுக்குவது, மெனு செய்வது, அச்சடிப்பது, அட்டை. இதில் அச்சடிக்கும் வேலையை நான் முதலில் தெரிந்துகொண்டபோது வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

டிவிடியில் படம் இருப்பது கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களாக. மிகச் சிறிய பள்ளத்தின் நீளம் 0.4 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான்), பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி 0.74 மைக்ரான். ஒரு தலைமுடியின் குறுக்களவில் இப்படி நூறு சுற்றுகள் வரை அடங்கிவிடும். முதலில் ஒரு கண்ணாடித் தட்டில் ஒளிபட்டால் குணம் மாறும் பூச்சு பூசி, லேசரால் அந்தப் பள்ளங்களை எழுதுகிறார்கள். அதன்மேல் நிக்கலைப் படியவைத்து உரித்தால் அச்சு தயார். இந்த அச்சைப் பொருத்திய இயந்திரத்தில் உருகிய பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கைச் செலுத்தி அழுத்தினால் எல்லாப் பள்ளங்களும் ஒரே அழுத்தில் விழுந்துவிடும். வீட்டில் முறுக்குப் பிழிவது போல வரி வரியாக இல்லை, இட்லித் தட்டு போல மொத்தமும் ஒரே நேரத்தில். அப்புறம் அலுமினியப் பூச்சு, 0.6 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு பாதிகளை ஒட்டினால் நாம் கையில் பிடிக்கிற 1.2 மில்லிமீட்டர் டிஸ்க். ஓர் அழுத்துக்குச் சில நொடிதான் ஆகும். முதல் அச்சுக்குத்தான் பணம், அதற்குப் பிறகு ஒவ்வொரு நகலும் கிட்டத்தட்ட வெறும் பிளாஸ்டிக் விலை. வீடியோ கேசட்டுக்கு இந்த வசதி கிடையாது. ஒவ்வொரு கேசட்டுக்குள்ளும் இருநூறு மீட்டருக்கு மேல் நாடா, அதன் நீளம் முழுவதிலும் காந்தப் பதிவை ஏற்றியாக வேண்டும்.

கேசட்டுக்கு இடமும் ஒரு தொல்லை. சாதாரண வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடும், அதாவது இரண்டு எபிசோட். ‘ஃபயர்ஃப்ளை’யின் முதல் எபிசோட் இரட்டை நீளம் என்பதால் மொத்தம் பதினொரு மணி நேரம் வரும், கேசட்டில் போட்டால் ஏழெட்டு ஆகிவிடும். ஒவ்வொன்றும் இரண்டரை சென்டிமீட்டர் தடிமன், அடுக்கினால் ஒரு சாண். இருபது எபிசோட் கொண்ட சீசனுக்கு இன்னும் மோசம். எந்தக் கடைக்காரர் அலமாரியில் இடம் தருவார்? அதே விஷயம் டிவிடியில் எப்படி நான்கே டிஸ்க்கில் அடங்கியது என்றால், எம்பெக்-2 என்ற சுருக்கும் முறைதான் காரணம். சுருக்காத டிவி படத்துக்கு நொடிக்கு 160 மெகாபிட்டுக்கு மேல் ஆகும். பின்னணிச் சுவர் அசையாமல் நின்றால் அதை ஒவ்வொரு சட்டகத்திலும் (ஃப்ரேம்) திரும்ப எழுதாமல், மாறியதை மட்டும் எழுதி இதை நொடிக்கு 5 மெகாபிட் அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். 44 நிமிட எபிசோட் அப்போது சுமார் 1.65 ஜிபி. இரட்டை அடுக்கு டிஸ்க்கின் கொள்ளளவு 8.5 ஜிபி, ஆக நான்கு எபிசோட் தாராளமாக உட்காரும், மிச்ச இடத்தில் பேட்டியும் வெட்டிய காட்சிகளும். 2000-ஆம் ஆண்டு ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரின் முதல் சீசன் முழுவதையும் ஒரே பெட்டியில் விற்ற பிறகு, டிவி தொடரை மொத்தமாக வாங்கிவைக்கும் பழக்கம் மக்களிடம் வேகமாகப் பரவியது. ‘ஃபயர்ஃப்ளை’க்கு அது நல்ல நேரம். பாதியில் நின்ற தொடருக்கு இதில் ஒரு கூடுதல் வசதியும் உண்டு: ஒரே பெட்டியில் முழுத் தொடரும் முடிந்துவிடும். ஏழு சீசன் வாங்க யோசிக்கிறவர் ஒன்றுக்கு யோசிக்கமாட்டார்.

கலைஞர்களுக்குப் போக வேண்டிய பங்கும் ஸ்டுடியோவுக்குச் சுமையாக இல்லை. கேசட் காலத்தில், 1980-களில், போட்ட ஒப்பந்தப்படி வீடியோ வருமானத்தில் 20 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் எழுத்தாளர் பங்கு 1.5 முதல் 1.8 சதவீதம் என்று கணக்கு. ஒரு டிஸ்க்குக்கு சில சென்ட்தான் தேறும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை, எழுத்தாளர்களுக்கும் படவில்லை. 2007 நவம்பரில் தொடங்கி 100 நாள் நடந்த அவர்களுடைய வேலைநிறுத்தத்தின் பின்னால் இந்தப் பழைய கணக்கின் கசப்பும் இருந்தது.

செலவு உண்மையிலேயே கடிக்கிற இடம் பாட்டு. ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ என்று ஒரு தொடர், 1999-இல் என்பிசி சேனலில் வந்து 18 எபிசோடோடு நின்றது. 1980-இல் மிச்சிகன் மாநிலப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடக்கும் கதை, அதனால் பையன்கள் அறையில், காரில், நடன அரங்கில் எல்லாம் அந்தக் காலத்து ராக் பாட்டுகள். டிவியில் ஒலிக்க வாங்கிய உரிமை வேறு, டிஸ்க்கில் விற்க வாங்க வேண்டிய உரிமை வேறு. அதுவும் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும்: பாட்டை எழுதி இசையமைத்தவர் தரப்பு ஒன்று, பதிவை வைத்திருக்கும் கம்பெனி இன்னொன்று. பலர் செய்வது போல மலிவான பாட்டைப் போட்டு ஒப்பேற்றியிருக்கலாம். ஷவுட் ஃபேக்டரி என்ற சிறிய நிறுவனம் அப்படிச் செய்யாமல் அசல் பாட்டுகளோடே 2004 ஏப்ரலில் வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. பையன் தனியாக அறையில் கேட்கிற பாட்டை மாற்றினால் அந்தப் பையனே மாறிவிடுவான்.

திரும்ப ‘ஃபயர்ஃப்ளை’க்கு வருவோம். ஃபாக்ஸ் சேனல் அதை வரிசை மாற்றிக் காட்டியது. கப்பலில் யார் யார், எப்படி ஒன்றாகச் சேர்ந்தார்கள் என்று சொல்லும் முதல் எபிசோடை ஒதுக்கிவிட்டு, அவசரமாக எழுதிய ஒரு ரயில் கொள்ளைக் கதையை முதலில் போட்டார்கள். அறிமுக எபிசோட் கடைசியாக, 2002 டிசம்பர் 20 அன்று ஒளிபரப்பானது. டிவிடியில்தான் உருவாக்கியவர் நினைத்த வரிசையில், ஃபாக்ஸ் காட்டாத மூன்றும் சேர்ந்து அமெரிக்க ரசிகர்களுக்குக் கிடைத்தது. டிவியில் தோற்ற பொருளும் கடையில் விற்ற பொருளும் ஒன்றே இல்லை என்றுகூட நான் சொல்வேன்.

அந்த மூன்றில் ஒன்றில் ஒரு காட்சி. கப்பலின் முரடன் ஜெயினுக்கு வீட்டிலிருந்து பார்சல் வருகிறது. பிரித்தால் அம்மா கையால் பின்னிய கம்பளித் தொப்பி, ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கிற நிறம், காதை மூட இரண்டு மடிப்பு, உச்சியில் ஒரு நூல் உருண்டை. துப்பாக்கியும் கையுமாகத் திரிகிற அந்த ஆள் கொஞ்சமும் வெட்கப்படாமல் அதை அப்படியே தலையில் மாட்டிக்கொள்கிறான். பின்னாளில் ரசிகர் கூட்டங்களில் வரிசை வரிசையாகத் தெரிந்தது அந்தத் தொப்பிதான், பின்னத் தெரிந்தவர்கள் தாங்களே பின்னிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இதில் என்னை நெகிழவைப்பது, ஃபாக்ஸ் அந்தக் காட்சியை ஒளிபரப்பவே இல்லை என்பது. அமெரிக்காவில் டிஸ்க் வாங்கி, ஒரு வருடம் கழித்துப் பார்த்தவர்கள்தான் அந்தத் தொப்பியைக் கண்டுபிடித்தார்கள்.

டிஸ்க் விற்ற வேகத்தைப் பார்த்து யுனிவர்சல் நிறுவனம் சுமார் 3.9 கோடி டாலர் செலவில் இதே கதையின் தொடர்ச்சியை ‘செரனிட்டி’ என்ற படமாக எடுத்தது. 2005 செப்டம்பர் 30 அன்று வெளியாகி, உலகம் முழுக்க சுமார் 4 கோடி டாலர்தான் வசூல். தியேட்டர்காரர் பங்கு போனால் அது நஷ்டம்தான். பலர் இதைப் பார்த்து ரசிகர்கள் கைவிட்டுவிட்டதாகச் சொன்னார்கள். என் எண்ணம் வேறு. தியேட்டர் மறுபடி தலைகளை எண்ணுகிற இடம், அரைக் கண் ஆட்களும் வந்தால்தான் அங்கே கணக்கு நேராகும். ரசிகர்கள் ஒருவர் விடாமல் வந்தாலும் அவர்கள் எண்ணிக்கை அவ்வளவுதான்.

இப்போது ஸ்ட்ரீமிங் காலத்தில் இந்த இரண்டாவது கடையே பல தொடர்களுக்குக் கிடையாது. ‘வில்லோ’ தொடர் 2022 நவம்பர் 30 அன்று டிஸ்னி பிளஸ்ஸில் தொடங்கியது, எட்டு எபிசோட். அடுத்த மார்ச்சில் இரண்டாவது சீசன் இல்லை என்ற செய்தி, மே மாதம் தளத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள். அப்போது வேறு பல தலைப்புகளும் போயின, அதற்காக அந்த நிறுவனம் தன் கணக்கில் நஷ்டமாகக் காட்டிய மதிப்பிழப்பு 150 கோடி டாலர். சந்தாவில் ஓடுகிற தளத்துக்கும் மொத்தச் சந்தாதாரர் எண்ணிக்கைதான் பெரிது, ஒரு தொடரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவரும் எதையோ ஓடவிட்டுத் தூங்குகிறவரும் மாதம் ஒரே தொகைதான் கட்டுகிறார்கள். தளத்திலிருந்து தூக்கியபோது ‘வில்லோ’வுக்கு டிஸ்க்கும் வந்திருக்கவில்லை. அதற்காக 50 டாலர் எடுத்து வைக்கத் தயாராக இருந்தவர்கள் நிச்சயம் சிலர் இருந்திருப்பார்கள், அதை வாங்கிப் பெட்டியைக் கொடுக்க எதிர்ப்பக்கத்தில் ஆள் இல்லை.